ஜூன் 30ஆ, டிசம்பர் 31ஆ? ஹோம்ஸ்டெட் எஃகாலை, 1892

பழஞ்சுவடி (இழையைத் தொடங்கியவர்):

அனைவருக்கும் வணக்கம். 1892 ஜூலை 6 அன்று பென்சில்வேனியா மாநிலத்தில், பிட்ஸ்பர்க் நகரிலிருந்து ஏறத்தாழ 7 மைல் தொலைவில், மோனாங்ககீலா ஆற்றங்கரையில் இருந்த ஹோம்ஸ்டெட் எஃகாலைத் தொழிலாளர்களுக்கும் பிங்கர்டன் நிறுவனம் அனுப்பிய ஆயுதக் காவலர்களுக்கும் இடையே நடந்த சண்டையைப் பற்றி நம்மில் பலர் படித்திருப்போம். அந்த ஒரு நாள் அத்தனை கொடியது என்பதால், அதற்கு முந்தைய மாதங்களில் பேச்சுவார்த்தை மேசைமீது கிடந்த கோரிக்கைகளை அதிகம் பேர் கவனிப்பதில்லை. எனக்கோ, குண்டடிபட்டவர்களின் கதையைவிட அந்தக் கோரிக்கைகள்தாம் அக்காலத்துப் பெருமுதலாளியின் மனத்தை நன்றாகக் காட்டுகின்றன என்று படுகிறது. அதனால்தான் இந்த இழை.

ஆலை ஆண்ட்ரூ கார்னகிக்குச் சொந்தமானது. அவர் அதை 1883இல் விலைக்கு வாங்கினார். 1892இல் அதன் நிர்வாகப் பொறுப்பு முழுவதும் ஹென்றி கிளே ஃபிரிக் கையில் இருந்தது. தொழிலாளர் பக்கம் இருந்தது 1876இல் அமைக்கப்பட்ட இரும்பு எஃகுத் தொழிலாளர் ஒன்றிணைந்த சங்கம். 1889இல் நடந்த வேலைநிறுத்தத்தில் சங்கம் வென்று, மூன்றாண்டு ஒப்பந்தம் ஒன்றைப் பெற்றிருந்தது. அந்த ஒப்பந்தம் 1892 ஜூன் 30 அன்று முடிவதாக இருந்தது.

அந்த ஒப்பந்தப்படி, தேர்ச்சி பெற்ற தொழிலாளரின் கூலி எஃகு பில்லட்டின் (உருட்டுவதற்கு வார்த்த எஃகுக் கட்டியின்) சந்தை விலையோடு சேர்ந்து ஏறும், சேர்ந்து இறங்கும். ஆனால் விலை எவ்வளவு சரிந்தாலும், டன்னுக்கு 25 டாலர் என்ற மட்டத்துக்குக் கீழே கூலிக் கணக்கு இறங்காது. இந்த அடிமட்டத்தை 22 டாலராகக் குறைக்க வேண்டும் என்பது நிறுவனத்தின் முதல் கோரிக்கை. புதிய இயந்திரங்கள் வந்திருக்கும் பிரிவுகளில் டன் கூலியை வெட்ட வேண்டும் என்பது இரண்டாவது. ஒப்பந்தம் முடியும் நாளை ஜூன் 30இலிருந்து டிசம்பர் 31க்கு மாற்ற வேண்டும் என்பது மூன்றாவது.

முதல் கோரிக்கையில் இரு தரப்பும் நெருங்கிவந்தன. நிறுவனம் 23 டாலருக்கு ஏறியது, சங்கம் 24 டாலருக்கு இறங்கியது. ஒரே ஒரு டாலர் இடைவெளி! இதற்காகவா ஓர் ஊரே போர்க்களமாக வேண்டும்? என் கருத்தில், உண்மையான மோதல் மூன்றாவது கோரிக்கையில்தான் இருந்தது. ஒப்பந்தம் கோடையில் முடிந்தால், அது முறிந்துபோனாலும் தொழிலாளியின் வீட்டில் காய்கறித் தோட்டம் இருக்கும், நிலக்கரிச் செலவு இருக்காது. வேறு வேலை தேடி ஊர் ஊராகப் போகலாம். டிசம்பர் கடைசியில் முடிந்தாலோ, பென்சில்வேனியாவின் பனியில் குழந்தைகளை வைத்துக்கொண்டு எத்தனை வாரம் தாக்குப்பிடிக்க முடியும்? தேதியை மாற்றிவிட்டால், பிறகு வரும் ஒவ்வொரு பேச்சுவார்த்தையிலும் குளிர்காலமே நிறுவனத்தின் பக்கம் உட்கார்ந்துகொள்ளும். கூலியைப் பற்றிய கோரிக்கைகள் ஒரு முறை வெட்டிவிட்டு நின்றுவிடும். தேதியைப் பற்றிய கோரிக்கை அப்படி நிற்காது. நண்பர்கள் என்ன நினைக்கிறீர்கள்?

—

உருட்டாலைக்காரர்:

பழஞ்சுவடி ஐயாவுக்கு வணக்கம். நான் 31 ஆண்டுகள் ஓர் எஃகு ஆலையின் ரோலிங் மில்லில் வேலை செய்து ஓய்வு பெற்றவன். அமெரிக்காவைப் பார்த்ததில்லை. ஆனால் உலைக்கு முன்னால் நின்றவனுக்கு, அந்த இரண்டாவது கோரிக்கையை அவ்வளவு எளிதாகக் கடந்துபோக முடியாது.

அந்தச் சங்கத்தின் வலிமை எங்கிருந்து வந்தது என்று பாருங்கள். எஃகுக்கு முந்தைய தலைமுறை தேனிரும்பில் வாழ்ந்தது. உலைக்குள் வார்ப்பிரும்பை நீண்ட கம்பியால் கிளறிக் கிளறி, அது எந்த நொடியில் பதத்துக்கு வருகிறது என்பதை நிறத்தையும் கனத்தையும் வைத்தே அறிந்து, உருண்டையாகத் திரட்டி வெளியே எடுப்பவர்கள் இருந்தார்கள். அந்தப் பதம் அவர்கள் கண்ணிலும் தோளிலும் இருந்தது. முதலாளியின் குறிப்பேட்டில் இல்லை. அதனால் ஒரு குழுவில் எத்தனை பேர், ஒரு நாளைக்கு எத்தனை உலை, உதவியாளருக்கு எவ்வளவு என்பதையெல்லாம் அவர்களே பெருமளவு தீர்மானித்தார்கள். பெசிமர் முறை அந்த அறிவின் பெரும்பகுதியைத் தேவையற்றதாக்கிவிட்டது. உருகிய வார்ப்பிரும்பின் ஊடே காற்றை ஊதினால், கால் மணி நேரம், இருபது நிமிடத்தில் எஃகு. ஹோம்ஸ்டெட்டில் இருந்த திறந்த அடுப்பு உலைகள் மெதுவானவை. ஒரு வார்ப்புக்குப் பல மணி நேரம் ஆகும். அங்கே கவனிப்பவரின் கைத்திறனுக்கு இன்னும் இடம் இருந்தது. கப்பற்படைக்கான கவசத் தகடுகளும் கட்டட உத்தரங்களும் அந்த ஆலையில்தான் உருவாயின.

ரோலிங் மில்லில் தகடு உருளைகளுக்கு இடையே போகும்போது, அதை எந்த நேரத்தில் திருப்ப வேண்டும், உருளையை எவ்வளவு இறுக்க வேண்டும் என்று பார்க்கிற ஆள் ஒருவர் இருப்பார். எங்கள் ஆலையிலும் அப்படி ஒரு மூத்தவர் இருந்தார். அவர் விடுப்பில் போனால் மேலாளருக்குத் தூக்கம் வராது. ஹோம்ஸ்டெட்டில் அத்தகையவர்கள்தாம் சங்க உறுப்பினர்கள், மொத்தம் 3,800 பேரில் ஏறத்தாழ 800 பேர். அந்த 800 பேர் கையில் இருந்த அறிவை இயந்திரத்துக்கும் ஃபோர்மேனுக்கும் மாற்றுவதுதான் நிறுவனத்தின் நெடுநாள் வேலைத்திட்டம் என்று நான் எண்ணுகிறேன். தேதி அந்தத் திட்டத்தின் ஒரு கருவி. அந்தத் திட்டத்தின் வேர் வேலைத்தளத்தில்தான் இருக்கிறது ஐயா.

—

வரவுசெலவு:

இருவரும் நன்றாக எழுதியிருக்கிறீர்கள். ஆனால் நிறுவனத்தின் பக்கத்து வாதத்தை யாராவது நேர்மையாக எடுத்துரைக்க வேண்டும் என்பதால் எழுதுகிறேன்.

எஃகுத் தண்டவாளத்தின் விலை 1870களின் தொடக்கத்தில் டன்னுக்கு 100 டாலருக்கு மேல் இருந்தது. 1898இல் அது 18 டாலருக்கும் கீழே வந்துவிட்டது. 1865இல் 35,000 மைல் இருந்த அமெரிக்க ரயில் பாதை, 1900இல் 1,90,000 மைலைத் தாண்டியதற்கு இந்த விலைச் சரிவு முக்கியக் காரணம். இந்தச் சரிவு தானாக வந்ததன்று. கார்னகி ஒவ்வொரு டன்னுக்கும் ஆகும் செலவை, எந்த உலையில், எந்தப் பிரிவில், எவ்வளவு என்று இடைவிடாமல் கணக்கெடுத்தார். லாபத்தைப் பங்குதாரருக்குப் பிரித்துக் கொடுக்காமல் மீண்டும் ஆலையிலேயே போட்டார். நன்றாக ஓடிக்கொண்டிருந்த இயந்திரத்தைக்கூட, அதைவிட மலிவாக வேலை செய்யும் இயந்திரம் வந்தவுடன் தூக்கி எறிந்தார். இவ்வளவு முதலைப் போட்ட பிறகு, முன்பு 10 டன் உருட்டிய குழு 15 டன் உருட்டுகிறது என்று வைத்துக்கொள்வோம். பழைய டன் கூலியையே கொடுத்தால், உழைப்பு கூடாமலே கூலி ஒன்றரை மடங்காகும். கூடுதல் உற்பத்தி இயந்திரத்தால் வந்தது என்றால், அந்த இயந்திரத்துக்குப் பணம் போட்டவருக்கும் அதில் பங்கு உண்டு என்ற வாதத்தை ஒரே அடியாகத் தள்ளிவிட முடியாது.

மேலும், கூலி வெட்டினால் நேரடியாகப் பாதிக்கப்படுபவர்கள் 325 பேர் மட்டுமே என்பது நிறுவனத்தின் கணக்கு. தேதி மாற்றத்துக்கும் ஒரு வணிகக் காரணம் இருக்கலாம். ஆண்டுக் கணக்கும் கொள்முதல் ஒப்பந்தங்களும் ஜனவரியில் தொடங்கினால், அந்த ஆண்டுக்கான கூலியும் அப்போதே தெரிந்திருப்பது நிறுவனத்துக்கு வசதிதானே? பழஞ்சுவடி ஐயா அதில் சூழ்ச்சியை மட்டும் பார்க்கிறார்.

—

பழஞ்சுவடி:

வரவுசெலவு அவர்களுக்கு நன்றி. தண்டவாள விலையைப் பற்றி நீங்கள் சொன்ன ஒவ்வொரு சொல்லும் சரி. மூன்று செய்திகளை மட்டும் அதன் பக்கத்தில் வைக்கிறேன்.

அந்த எஃகு, தடையற்ற சந்தையில் போட்டியிட்ட எஃகன்று. வெளிநாட்டு எஃகுமீது உயர்ந்த சுங்க வரி இருந்தது. 1890இல் வந்த மெக்கின்லி சட்டம் இறக்குமதி வரிகளைப் பொதுவாக மேலும் உயர்த்தியது. இந்தச் சுவர் எதற்காக என்று கேட்டபோதெல்லாம், அமெரிக்கத் தொழிலாளியின் கூலியைக் காப்பாற்றுவதற்காக என்றுதான் பதில் சொல்லப்பட்டது. அந்தக் காப்பின் பயனை ஒரு தரப்பு மட்டும் எடுத்துக்கொள்ளப் பார்த்தது என்பதே ஹோம்ஸ்டெட் தொழிலாளரின் மனக்குறை.

அடுத்து, 325 பேர் என்ற கணக்கு. அதை நான் அப்படியே ஏற்கிறேன். ஏற்றால் கேள்வி இன்னும் கூர்மையாகிறது. 325 பேருடைய கூலிதான் பிரச்சினை என்றால், சங்கத்தில் இடமே இல்லாத ஏறத்தாழ 3,000 கூலியாட்கள், அவர்களில் ஆங்கிலம் பேசத் தெரியாத ஸ்லோவாக்கியர்கள் பலர், ஏன் வேலையைத் துறந்து வெளியே நின்றார்கள்? தங்கள் கூலியில் ஒரு காசு குறையாதபோதும் அவர்கள் நின்றதற்கு, சங்கம் போய்விட்டால் அடுத்து வருவது என்ன என்று அவர்களுக்குத் தெரிந்திருந்தது என்பதைத் தவிர வேறு காரணம் எனக்குப் புலப்படவில்லை.

கடைசியாக நாட்கள். 1892 ஏப்ரல் 4 அன்று கார்னகி ஓர் அறிவிப்பின் வரைவை எழுதி ஃபிரிக்குக்கு அனுப்பினார். நிறுவனத்தின் ஆலைகளில் பெரும்பாலானவற்றில் சங்கம் இல்லாததால், இனி எங்கும் சங்கம் இருக்காது என்பதே அதன் சாரம். ஃபிரிக் அதை வெளியிடவில்லை. ஆனால் ஆலையைச் சுற்றி 11 அடி உயரத்துக்கு மேல், உச்சியில் முள்கம்பியுடன், ஏறத்தாழ 3 மைல் நீளத்துக்கு மரவேலி எழுப்பினார். ஜூன் 25 அன்று, 300 காவலர்கள் வேண்டும் என்று பிங்கர்டன் நிறுவனத்துக்குக் கடிதம் எழுதினார். ஒப்பந்தம் முடிய இன்னும் ஐந்து நாள் இருந்தது. வேலைநிறுத்தம் தொடங்கவில்லை. மாத இறுதியில் கதவடைப்பு செய்தது நிறுவனம்தான். கணக்குக்காகத் தேதி மாற்றம் கேட்டவர், இத்தனை ஏற்பாடுகளை முன்கூட்டியே செய்திருப்பாரா?

—

ஆற்றங்கரை:

ஜூலை 6 பற்றி இழையில் யாரும் விரிவாக எழுதவில்லை. பழஞ்சுவடி ஐயா வேண்டுமென்றே தவிர்க்கிறார் என்று புரிகிறது. இருந்தாலும், அந்த நாளைத் தெரிந்துகொள்ளாமல் பின்னால் நடந்ததைப் புரிந்துகொள்ள முடியாது என்று நினைப்பதால் எழுதுகிறேன்.

ஹோம்ஸ்டெட் ஏறத்தாழ 11,000 பேர் வாழ்ந்த ஊர். ஊரின் தலைவர் ஜான் மெக்லக்கி அதே ஆலையின் தொழிலாளி. அதாவது, வேலைத்தளத்தில் கூலி வாங்கியவர்தான் ஊரில் ஆட்சி செய்தார். வேலைநிறுத்தக் குழுவின் தலைவராக ஹியூ ஓடொனல் இருந்தார். கதவடைப்பு தொடங்கியதும் ஆற்றிலும் சாலையிலும் ரயில் நிலையத்திலும் காவல் போட்டார்கள். மதுக்கடைகளைக் கட்டுப்படுத்தினார்கள். மாவட்டக் காவல் அதிகாரியான ஷெரிஃப் அனுப்பிய உதவிக் காவலர்களை அடிக்காமல், மரியாதையாகவே ஊருக்கு வெளியே கொண்டுபோய் விட்டார்கள்.

ஜூலை 5 இரவில் இரண்டு பெரிய பார்ஜ்களில் (தட்டையான சரக்குப் படகுகளில்) 300 பிங்கர்டன் ஆட்கள் ஏற்றப்பட்டார்கள். அவர்களில் பலர் வேலை தேடி வந்து அண்மையில் சேர்க்கப்பட்டவர்கள். எங்கே போகிறோம், எதற்குப் போகிறோம் என்பதுகூட அவர்களில் பலருக்குச் சரியாகத் தெரியாது. இழுவைப் படகு பிட்ஸ்பர்க்கைக் கடக்கும்போதே தொழிலாளரின் காவலர்கள் பார்த்துவிட்டுத் தந்தி அடித்தார்கள். ஊரில் ஆலைச் சங்கு ஊதியது. விடியற்காலை நான்கு மணியளவில் பார்ஜ்கள் ஆலைக் கரையை நெருங்கியபோது, ஆணும் பெண்ணும் குழந்தையுமாக ஆயிரக்கணக்கானோர் ஃபிரிக் எழுப்பிய வேலியை உடைத்துக்கொண்டு கரைக்கு ஓடிவந்தார்கள். முதலில் சுட்டது யார் என்பதில் இன்றுவரை ஒருமித்த முடிவு இல்லை. அதன்பின் பகல் முழுவதும் சண்டை. பழைய பீரங்கி ஒன்றைக் கொண்டுவந்து சுட்டார்கள். டைனமைட் வீசினார்கள். ஆற்றில் எண்ணெயை ஊற்றித் தீ வைக்க முயன்றார்கள். இழுவைப் படகு கைவிட்டுப் போய்விட்டதால், பார்ஜ்களுக்குள் இருந்தவர்கள் முன்னேறவும் முடியாமல் திரும்பவும் முடியாமல், கொதிக்கும் வெயிலில் அடைபட்டுக் கிடந்தார்கள்.

மாலை ஐந்து மணியளவில் அவர்கள் சரணடைந்தார்கள். உயிருக்கு ஆபத்தில்லை என்று சங்கத் தலைவர்கள் வாக்குக் கொடுத்திருந்தார்கள். ஆனால் கரையிலிருந்து ஊருக்குள் நடத்திச் செல்லப்பட்டபோது, இருபுறமும் வரிசையாக நின்ற கூட்டம் அவர்களைக் கடுமையாக அடித்தது. அதில் பெண்களும் இருந்தார்கள். அந்த அடியை நான் நியாயப்படுத்த மாட்டேன். அந்தக் காலையில் கணவனையோ மகனையோ பறிகொடுத்த ஊர் அது என்பதை மட்டும் சேர்த்துச் சொல்கிறேன். பொதுவாகச் சொல்லப்படும் கணக்கு, தொழிலாளர் 7 பேர், பிங்கர்டன் ஆட்கள் 3 பேர். பின்னர் இறந்தவர்களைச் சேர்த்தால் எண்ணிக்கை இன்னும் கூடும்.

—

தறிவீடு:

என் அப்பாவும் தாத்தாவும் கைத்தறி நெசவாளர்கள். எங்கள் தெருவில் விசைத்தறியின் ஓசை முதலில் கேட்ட ஆண்டிலிருந்து, ஒவ்வொரு வீட்டிலும் தறிக்குழி மூடப்பட்டதைப் பார்த்து வளர்ந்தவள் நான். அதனால் கார்னகியின் வாழ்க்கையில் ஓர் இடத்தை என்னால் எளிதில் கடந்துபோக முடிவதில்லை.

ஸ்காட்லாந்தின் டன்ஃபெர்ம்லின் ஊரில் 1835இல் பிறந்தவர் அவர். அவருடைய தந்தை, துணி நெய்த கைத்தறி நெசவாளர். நீராவித் தறிகள் வந்தபின் தந்தைக்கு வேலை இல்லாமல் போனது. 1848இல் குடும்பம் அமெரிக்காவுக்குக் கப்பலேறியது. பதின்மூன்றே வயதில் ஆண்ட்ரூ ஒரு பருத்தி ஆலையில் நூற்கண்டு மாற்றும் பையனாக, வாரம் 1 டாலர் 20 சென்ட் கூலிக்குச் சேர்ந்தார். இயந்திரம் ஒரு கைவினைஞனின் வீட்டில் என்ன செய்யும் என்பதைப் புத்தகத்தில் படித்தவரல்லர் அவர். தந்தையின் முகத்தில் பார்த்தவர். அந்த மனிதரே 1886இல், வேலைநிறுத்தம் செய்யும் தொழிலாளியின் இடத்தில் இன்னொருவர் போய் உட்காரக் கூடாது, அடுத்தவனுடைய வேலையை நீ பறிக்காதே என்பது தொழிலாளரிடையே எழுதாத கட்டளையாக இருக்கிறது என்று பரிவோடு எழுதினார். ஆறு ஆண்டுகளில் அவருடைய ஆலைக்கே வேலிக்குப் பின்னால் கருங்காலிகளைக் கொண்டுவந்து இறக்கினார்கள். அப்போது அவர் ஸ்காட்லாந்தில் ஏரிக்கரை மாளிகை ஒன்றில் தங்கியிருந்தார்.

சண்டைக்குப் பிறகு, ஆலைகள் ஒரு துளி மனித இரத்தத்துக்கும் ஈடாகாது என்ற பொருளில் அவர் பிரிட்டிஷ் அரசியல் தலைவர் கிளாட்ஸ்டனுக்குக் கடிதம் எழுதினார். அந்த வருத்தம் உண்மையானது என்றே நம்ப விரும்புகிறேன். ஆனால் ஃபிரிக்கின் கையை அவர் ஒருமுறைகூடப் பிடித்து நிறுத்தவில்லை. பழஞ்சுவடி ஐயா காட்டிய ஏப்ரல் 4 வரைவைப் படித்தபின், நிறுத்த விரும்பியிருப்பார் என்றும் என்னால் எண்ண முடியவில்லை.

1898இல் ஹோம்ஸ்டெட்டுக்கு அருகே அவருடைய நூலகம் திறக்கப்பட்டது. அமெரிக்காவில் மட்டும் 1,600க்கு மேற்பட்ட நூலகக் கட்டடங்களுக்கு அவர் பணம் கொடுத்தார். அவற்றில் எத்தனை ஏழைக் குழந்தைகள் படித்திருப்பார்கள் என்று நினைத்தால், அவரை வெறுக்கவும் எனக்கு மனம் வருவதில்லை. ஆனால் நாளொன்றுக்கு 12 மணி நேரம் உலையின் முன் நின்று வீடு திரும்புகிறவன் எந்த நேரத்தில் அந்த நூலகத்தின் படியேறுவான்? கூலியாகக் கொடுத்திருந்தால் ரொட்டிக்கும் துணிக்கும் செலவழித்துவிடுவார்கள், ஆகவே நானே சேர்த்து நல்ல வழியில் கொடுக்கிறேன் என்பது அவருடைய செல்வம் பற்றிய கருத்தின் உட்பொருள். எங்கள் வீட்டில் ரொட்டியையும் துணியையும் யாரும் வீண்செலவு என்று சொன்னதில்லை.

—

உருட்டாலைக்காரர்:

தறிவீடு அம்மாவின் கடைசி வரியைப் படித்துவிட்டுச் சிறிது நேரம் எதுவும் எழுத முடியவில்லை. 12 மணி நேரம் என்றார்கள். அதில் இன்னொரு கொடுமையும் உண்டு. பகல் ஷிப்டும் இரவு ஷிப்டும் இரண்டு வாரத்துக்கு ஒருமுறை மாறும். உலையை அணைக்க முடியாது என்பதால், மாறும் நாளில் ஒரு குழு தொடர்ந்து 24 மணி நேரம் வேலை செய்யும். நான் ஒருமுறை மாற்றாள் வராததால் 16 மணி நேரம் நின்றிருக்கிறேன். கடைசி இரண்டு மணி நேரத்தில் சிவந்த தகடு எந்தப் பக்கத்திலிருந்து வருகிறது என்பதே புத்திக்கு எட்டவில்லை. 24 மணி நேரம் என்பதை நினைக்கவே உடல் நடுங்குகிறது. 1906 ஜூலை முதல் 1907 ஜூன் வரையிலான ஒரே ஆண்டில், பிட்ஸ்பர்க் அமைந்துள்ள அலிகெனி மாவட்டத்தில் வேலையின்போது 526 பேர் இறந்தார்கள். அவர்களில் 195 பேர் எஃகாலைகளில்.

—

வழக்காடி:

வேலைத்தளத்தையும் முதலாளியையும் பற்றிப் பேசினீர்கள். அரசாங்கத்தை மறந்துவிட்டீர்கள். ஜூலை 6 மாலையில் வென்றது தொழிலாளர்தான். அந்த வெற்றியைப் பறித்தது பிங்கர்டன் நிறுவனமல்ல.

ஆளுநர் ராபர்ட் பேட்டிசன் முதலில் படையனுப்பத் தயங்கினார். பிறகு மாநிலப் படையினர் ஏறத்தாழ 8,500 பேரை அனுப்பினார். ஜூலை 12 அன்று படை ஊருக்குள் வந்தது. அரசாங்கப் படை நடுநிலையாக இருக்கும் என்று நம்பிய தொழிலாளர்கள், வாத்தியக் குழுவோடு வரவேற்கக் காத்திருந்தார்கள். படைத்தலைவர் ஸ்னோடன் அந்த வரவேற்பை ஏற்கவில்லை. படையின் காவலில் ஆலை திறக்கப்பட்டது. புதிய ஆட்கள் உள்ளே போனார்கள். ஜூலை 23 அன்று, சங்கத்தோடு எந்தத் தொடர்பும் இல்லாத அலெக்சாண்டர் பெர்க்மன் என்ற அராஜகவாதி ஃபிரிக்கை அவருடைய அலுவலகத்திலேயே சுட்டுக் கத்தியால் குத்தினார். ஃபிரிக் பிழைத்துக்கொண்டார். பொதுமக்களின் பரிவு அன்றோடு சங்கத்தை விட்டு விலகத் தொடங்கியது.

அதன்பின் நீதிமன்றம். மாநில உச்ச நீதிமன்றத்தின் தலைமை நீதிபதி பேக்சன், வேலைநிறுத்தக் குழுவினர் மீது மாநிலத்துக்கு எதிரான துரோகக் குற்றத்தையே சுமத்த வழிசெய்தார். கூலி ஒப்பந்தம் கேட்டவர்கள் மீது அரசத்துரோகம்! கொலைக் குற்றச்சாட்டிலும் சரி, இதிலும் சரி, ஹோம்ஸ்டெட் தலைவர்களில் எவரையும் எந்த நடுவர் குழுவும் குற்றவாளி என்று சொல்லவில்லை. ஆனால் வழக்குகள் நடந்த மாதங்கள் தலைவர்களுக்குச் சிறையிலும் பிணைத் தொகை தேடுவதிலும் கழிந்துபோயின. தண்டனை கொடுக்காமலே ஒரு வழக்கு தன் வேலையை முடித்துவிட முடியும் என்பதை என் தொழிலில் நாள்தோறும் பார்க்கிறேன்.

இரண்டே ஆண்டுகள் கழித்து, 1894இல் சிகாகோ அருகே புல்மன் ரயில்பெட்டி ஆலையில் இது இன்னும் செம்மையாக நடந்தது. கூலியைச் சராசரியாக 25 விழுக்காடு வெட்டிய நிறுவனம், தான் கட்டிய வீடுகளின் வாடகையைக் குறைக்கவில்லை. யூஜின் டெப்ஸ் தலைமையிலான ரயில்வே சங்கம் புல்மன் பெட்டிகளை இழுக்க மறுத்தபோது, கூட்டாட்சி நீதிமன்றம் தடையாணை பிறப்பித்தது. ஜனாதிபதி கிளீவ்லேண்ட் ராணுவத்தை அனுப்பினார். டெப்ஸ் ஆறு மாதம் சிறையிருந்தார். அந்தத் தடையாணைக்கு எடுத்துக்காட்டிய சட்டங்களில் ஒன்று, பெருநிறுவனங்களின் ஏகபோகத்தைக் கட்டுப்படுத்துவதற்காக 1890இல் இயற்றப்பட்ட ஷெர்மன் சட்டம். 1895இல் அதே சட்டத்தின்கீழ், நாட்டின் சர்க்கரைச் சுத்திகரிப்பில் 98 விழுக்காட்டைக் கையில் வைத்திருந்த கூட்டு நிறுவனத்தின் மீது வழக்கு வந்தபோது, உற்பத்தி வேறு, வணிகம் வேறு என்று சொல்லி உச்ச நீதிமன்றம் அதை விட்டுவிட்டது. சங்கத்தைப் பிடித்த சட்டத்தால் சர்க்கரை முதலாளிகளைப் பிடிக்க முடியவில்லை.

—

வரவுசெலவு:

நிறையக் கற்றுக்கொண்டேன். இயந்திரத்துக்குப் பணம் போட்டவருக்குப் பங்கு உண்டு என்ற என் வாதத்தை இன்னும் கைவிடவில்லை. ஆனால் அது எந்த அளவுக்கு என்பதில் என் எண்ணம் மாறியிருக்கிறது. சங்கம் வீழ்ந்த பின் என்ன ஆயிற்று என்று தேடிப் பார்த்தேன். 1892க்கும் 1907க்கும் இடையில், ஹோம்ஸ்டெட் தகடு உருட்டும் பிரிவில் மிகுந்த தேர்ச்சி பெற்றவர்களின் நாள் வருமானம் ஐந்தில் ஒரு பங்கு குறைந்திருக்கிறது. வேலை நேரமோ 8 மணியிலிருந்து 12 மணியாகியிருக்கிறது. இயந்திரத்தின் பலனைப் பகிர்வது பற்றித்தான் பேச்சு என்றால், வேலை நேரம் கூடியிருக்கத் தேவையில்லையே. 1900ஆம் ஆண்டில் நிறுவனத்தின் லாபம் 4 கோடி டாலர். 1901இல் கார்னகி அதை வங்கியாளர் ஜே. பி. மார்கனுக்கு 48 கோடி டாலருக்கு விற்றார்.

ஒரு கேள்வி. சங்கம் கூலியாட்களையும் முதலிலிருந்தே உறுப்பினர்களாகச் சேர்த்திருந்தால் முடிவு மாறியிருக்குமா?

—

பழஞ்சுவடி:

வரவுசெலவு அவர்களின் கேள்வி சங்கத்தின் மிகப் பெரிய பிழையைத் தொடுகிறது. தேர்ச்சி பெற்றவர்களுக்கு மட்டுமே கதவு திறந்த சங்கம் அது. கிழக்கு ஐரோப்பியக் கூலியாட்களுக்கு அதில் இடமில்லை. கருப்பினத் தொழிலாளரை அதன் கிளைகள் பெரும்பாலும் ஒதுக்கியே வைத்தன. அப்படி ஒதுக்கப்பட்டவர்களைத் தேடிப் பிடித்து நிறுவனம் ஆலைக்குள் கொண்டுவந்தபோது, அவர்களிடம் கேட்பதற்குச் சங்கத்துக்கு என்ன உரிமை இருந்தது? இருந்தும், ஊரில் இருந்த கூலியாட்கள் நாலரை மாதம் கூட நின்றார்கள். நவம்பர் 18 அன்றுதான், இனி தாங்க முடியாது, எங்களை விடுவியுங்கள் என்று கேட்டார்கள். நவம்பர் 20 அன்று சங்கம் வாக்கெடுத்தது: 101 பேர் போராட்டத்தை முடிக்கலாம் என்றார்கள், 91 பேர் கூடாது என்றார்கள்.

நவம்பர் 20. நான் இழையைத் தொடங்கியபோது தேதியைப் பற்றிக் கேட்டது இதற்காகத்தான். படை வந்தபோது அவர்கள் பணியவில்லை. ஃபிரிக் சுடப்பட்டுப் பொதுமக்கள் விலகியபோதும் பணியவில்லை. அரசத்துரோக வழக்கிலும் பணியவில்லை. குளிர் இறங்கியபோது பணிந்தார்கள். ஜூன் 30இல் முடிந்த ஒப்பந்தம் அவர்களுக்கு ஒரு கோடையையும் ஓர் இலையுதிர் காலத்தையும் கொடுத்தது. டிசம்பர் 31 என்றால் அதுவும் இருந்திருக்காது. வழக்காடி ஐயா சொன்ன அரசாங்கமும், உருட்டாலைக்காரர் ஐயா சொன்ன இயந்திரமும் இல்லாமல் நிறுவனம் வென்றிருக்க முடியாது என்பதை இப்போது முழுமையாக ஏற்கிறேன். என் முதல் பதிவில் அவற்றுக்குப் போதிய இடம் தரவில்லை.

12 மணி நேர வேலை எஃகுத் துறையில் 1923 வரை நீடித்தது. சங்கம் ஹோம்ஸ்டெட்டுக்குத் திரும்ப இன்னும் பதினான்கு ஆண்டுகள் ஆயின. 1936 ஜூலையில் எஃகுத் தொழிலாளர் ஹோம்ஸ்டெட்டில் கூடி, 1892இல் இறந்தவர்களின் கல்லறைகளுக்கு ஊர்வலமாகச் சென்றார்கள். அன்று அவர்கள் முன் பேசியவர்களில் ஒருவர் பென்சில்வேனியாவின் துணை ஆளுநர் தாமஸ் கென்னடி. அவர் சுரங்கத் தொழிலாளர் சங்கத்தின் நிர்வாகியும்கூட. வேலைநிறுத்தம் வந்தால், வேலையிழந்து நிற்கும் குடும்பங்களுக்கு மாநில அரசின் நிவாரணம் கிடைக்கும் என்று அவர் அந்தக் கூட்டத்தில் அறிவித்தார்.